சேர்வரில் நாலு நெட்வொர்க் போர்ட்: சேர்த்துக் கட்டினால் நாலு மடங்கு வேகமா?

டிக்கோயா_ஐடி
எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஒபிஸில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். ஒபிஸும் ஃபெக்டரியும் ஒரே வளாகம்தான், நடுவில் ஒரு சரிவும் கல் படிக்கட்டும். ஒபிஸில் ஒரு டவர் சேர்வர், விண்டோஸ் சேர்வர் 2019. செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு), கொழுந்து நிறுவைக் கணக்கு, ஃபெக்டரி ஸ்டொக், எல்லோருக்கும் பொதுவான ஃபைல் ஃபோல்டர் எல்லாம் அதில்தான். இருபத்தைந்து கணினி வரை இருக்கும். இரவில் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) பேக்கப் போகும். வேறு மூன்று டிவிஷன் ஒபிஸ்கள் ரவுட்டர் வழியாக விபிஎன்னில் (இணையத்தின் மேல் போட்ட தனி இணைப்பு) வருகின்றன.

சம்பளத்துக்கு முந்திய நாட்களில் செக்ரோல் இழு இழு என்று இழுக்கிறது. பெரிய துரை வந்து சேர்வரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நாலு ஓட்டை இருக்கு, ஒண்ணுலதான் வயர் போகுது, மத்த மூணும் எதுக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். நாலும் ஒரு கிகாபிட் போர்ட். ஸ்விட்ச் 24 போர்ட், செட்டிங் மாற்றக்கூடிய ரகம். நாலையும் டீமிங் செய்தால், அதாவது ஒரே போர்ட் போலச் சேர்த்துக் கட்டினால், நாலு கிகாபிட் கிடைக்குமா? இடி மின்னலில் ஒரு போர்ட் போனாலும் வேலை ஓடுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

வயர்மேன்
சேர்வர் மேனேஜரில் நிக் டீமிங் என்று இருக்கும். அதில் நாலையும் டிக் போட்டு டீம் செய்யுங்கள். அஞ்சு நிமிச வேலை. நாலு மடங்கு வரும்.

ஹட்டன்_நெட்
வயர்மேன் அண்ணே, அஞ்சு நிமிச வேலை என்பது சரி. நாலு மடங்கு என்பதுதான் இடிக்குது.

தம்பி டிக்கோயா, உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். கொழுந்து மடுவத்தில் நாலு தராசு வைத்தால் நாற்பது பேரின் கொழுந்தைச் சீக்கிரம் நிறுத்து முடிக்கலாம். ஆனால் ஒரு ஆளின் சாக்கு ஒரு தராசில்தான் ஏறும். டீமிங்கும் அவ்வளவுதான். ஒரு கணினிக்கும் சேர்வருக்கும் இடையே ஓடும் ஒரு டிசிபி இணைப்பு (இரண்டுக்கும் இடையிலான ஓர் உரையாடல்) ஒரு போர்ட் வழியாகத்தான் போகும். அதற்குமேல் மூன்று போர்ட் சும்மா கிடந்தாலும் அந்த இணைப்புக்கு உதவாது.

ஒரு கிகாபிட் என்பது கணக்குப்படி செக்கனுக்கு 125 மெகாபைட். தலைப்புத் தகவல்களுக்கு இடம் போக, பெரிய ஃபைல் கொப்பி செய்தால் 110 முதல் 118 வரை பார்ப்பீர்கள். டீமிங்குக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். நிறையப் பேர் டீமிங் செய்துவிட்டு ஒரு ஃபைலைக் கொப்பி செய்து பார்த்து, வேலை செய்யவில்லை என்று கழற்றிவிடுகிறார்கள்.

வயர்மேன்
அப்போ பேக்கட்டை (தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் பொட்டலம்) ஒன்று விட்டு ஒன்று நாலு வயரிலும் பிரித்து அனுப்பினால் என்ன? லினக்ஸில் அப்படி ஒரு மோட் இருக்கே.

ஹட்டன்_நெட்
இருக்கிறது. மோட் 0, ரவுண்ட் ரொபின். பிரச்சினை என்னவென்றால் நாலு வழியில் போன பேக்கட் நாலும் அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேராது. வாங்குகிற பக்கம் டிசிபி, "எனக்கு நடுவில் ஒன்று வரவில்லை" என்று பழைய எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லும். மூன்று முறை அப்படி வந்தால் அனுப்புகிறவன் பேக்கட் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, திரும்ப அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வான். அதனால்தான் போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டுவதற்கான 802.3ஏடி தரம் ஓர் உரையாடலின் பேக்கட்டுகளை வரிசை குலையாமல் ஒரே லிங்கில் அனுப்பச் சொல்கிறது. 2000இல் வந்த தரம் அது. 2008இல் 802.1ஏஎக்ஸ் என்று தனி எண்ணுக்கு மாறியது. எல்லோரும் இன்னும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறோம்.

ரவுண்ட் ரொபினுக்கு வேலை இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டு சேர்வரை நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் நேருக்கு நேர் வயர் போட்டு இணைத்தால் பயன்படுத்திப் பார்க்கலாம். தோட்ட ஒபிஸுக்கு வேண்டாம்.

டிக்கோயா_ஐடி
நன்றி அண்ணே. இரண்டு போர்ட்டை மட்டும் எல்ஏசிபியில் (சேர்வரும் ஸ்விட்சும் ஒன்றோடொன்று பேசிக் கட்டும் முறை) கட்டிப் பார்த்தேன், ஸ்விட்சிலும் அந்த இரண்டையும் ட்ரங்க், அதாவது ஒரே கட்டு, ஆக்கினேன். ஒரு கணினியிலிருந்து கொப்பி செய்தால் 112. நீங்கள் சொன்னபடியே. ஆனால் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் கொப்பி செய்தபோதும் ஆளுக்கு 56தான் வந்தது. ஒரு போர்ட்டின் விளக்கு கண்ணை மூடாமல் மினுக்குகிறது, மற்றது சும்மா இருக்கிறது. இது ஏன்?

சிஸ்டம்_அக்கா
தம்பி, நான் நுவரெலியாவில் இருக்கிறேன், இதே தலைவலியைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கணினி எந்த போர்ட் வழியாகப் போகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் நிலைமையைப் பார்த்துப் பங்கு போடுவதில்லை. முகவரிகளை எடுத்து ஒரு கணக்குப் போட்டு, வரும் மீதியை வைத்து போர்ட்டைத் தேர்ந்தெடுக்கிறது. இதைத்தான் ஹேஷ் என்கிறார்கள். இரண்டு போர்ட் இருந்தால் இரண்டு கணினியும் ஒரே போர்ட்டில் விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலு போர்ட், நாலு கணினி என்றால் ஆளுக்கொரு போர்ட்டாகச் சரியாகப் பிரிவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துகூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 256இல் 24. ஆட்கள் கூடக் கூடத்தான் சமமாகப் பரவும்.

இன்னொன்று. சேர்வரிலிருந்து வெளியே போவதைச் சேர்வர் முடிவு செய்யும். உள்ளே வருவதை ஸ்விட்ச் முடிவு செய்யும். நீங்கள் சேர்வருக்குள் கொப்பி செய்து பார்த்தீர்களா, சேர்வரிலிருந்து எடுத்துப் பார்த்தீர்களா? உள்ளே என்றால் விண்டோஸில் எதை மாற்றினாலும் பிரயோசனமில்லை, ஸ்விட்சின் ஹேஷ் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த ஸ்விட்சுகள் சிலவற்றில் மேக் முகவரியை (நெட்வொர்க் போர்ட்டின் வன்பொருள் எண்) மட்டும் பார்க்கும் ஹேஷ்தான் இருக்கும்.

அது உங்கள் இடத்தில் இன்னொரு வகையிலும் வம்பு. டிவிஷன் ஒபிஸ்கள் ரவுட்டர் வழியாகத்தானே வருகின்றன? அப்படி வருகிற எல்லாமே ரவுட்டரின் ஒரே மேக் முகவரியோடுதான் ஸ்விட்சுக்குத் தெரியும். மேக்கை மட்டும் பார்த்து ஹேஷ் போட்டால் மூன்று டிவிஷனும் ஒரே வயரில் நெரியும், மற்ற வயர்கள் காலியாகக் கிடக்கும். ஐபி முகவரியும் டிசிபி போர்ட் எண்ணும் (வயர் செருகும் போர்ட் அல்ல) சேர்ந்த ஹேஷ் இருந்தால் அதைப் போடுங்கள். லினக்ஸ் பொண்டிங்கிலும் (லினக்ஸின் டீமிங்) சும்மா விட்டால் மேக் ஹேஷ்தான் இருக்கும், லேயர் 3+4 (ஐபியும் போர்ட் எண்ணும்) என்று நாமாக மாற்ற வேண்டும்.

டிக்கோயா_ஐடி
உள்ளேதான் கொப்பி செய்தேன் அக்கா. ஸ்விட்சில் பார்த்தேன், மேக் மட்டும், மேக்கோடு ஐபி என்று இரண்டு தெரிவுதான் இருக்கிறது. இரண்டாவதுக்கு மாற்றிய பிறகு அந்த இரண்டு கணினியும் பிரிந்துவிட்டன. ஆளுக்கு 110 வருகிறது. இன்னொரு இரண்டு கணினியை எடுத்தால் அவை ஒன்றாக விழுகின்றன!

சிஸ்டம்_அக்கா
விழும். அதுதான் ஹேஷ்.

பண்டாரவளை_பொடியன்
இடையில் நுழைகிறேன். விண்டோஸ் 8, சேர்வர் 2012இலிருந்து எஸ்எம்பி (விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறை) மல்டிசனல் என்று ஒன்று இருக்கிறதே. டீமிங்கே இல்லாமல் ஃபைல் கொப்பி பல போர்ட்டில் பிரியும் என்று படித்தேன்.

ஹட்டன்_நெட்
உண்மை. அது ஒரு கொப்பிக்குப் பல டிசிபி இணைப்புகளைத் திறந்து, எஸ்எம்பி மட்டத்திலேயே வரிசையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரே கொப்பி ஒரு கிகாபிட்டைத் தாண்டும். ஆனால் இரண்டு பக்கமும் அதற்கேற்ற போர்ட் வேண்டும். குமாஸ்தா மேசையில் இருக்கும் கணினிக்கு ஒரு போர்ட்தான், அங்கே ஒன்றும் மாறாது. சேர்வரிலிருந்து இன்னொரு சேர்வருக்கு என்றால் அருமை. நாஸ் பெட்டி மல்டிசனலை ஏற்றால் அதற்கும் நல்லது.

நாஸை ஐஸ்கஸியில் (நெட்வொர்க் வழியாக ஒரு டிஸ்க் போலவே மாட்டும் முறை) மாட்டியிருந்தால் அந்தப் போர்ட்டுகளை டீமிங்குக்குள் இழுக்காதீர்கள். அதற்கு எம்பிஐஓ என்ற பல பாதை முறை இருக்கிறது, பாதைகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

டிக்கோயா_ஐடி
ஐஸ்கஸி இல்லை, சாதாரண ஷெயார்தான். சரி, வேகத்தை விடுவோம். ஒரு போர்ட் போனால் மற்றது தாங்குமா, அதைச் சொல்லுங்கள். இங்கே ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி விழுந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பண்டாரவளை_பொடியன்
அண்ணே, அந்த நாலு போர்ட்டும் ஒரே கார்ட்டில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஃபெக்டரியில் நாலு போர்ட் கார்ட்டை அழகாக டீமிங் செய்து வைத்திருந்தார்கள். ஒரு பின்னேர இடியில் கார்ட் முழுசாகப் போய்விட்டது. நாலு போர்ட்டும் ஒன்றாக. ட்ரையர் பக்கத்திலிருந்து ஒபிஸுக்கு செம்பு வயர் வெளியே கம்பத்தில் கட்டி இழுத்திருந்தார்கள், அதன் வழியாகத்தான் ஏறி வந்தது. சேர்வர் தப்பியது, ஸ்விட்சும் கார்ட்டும் போயின.

மதர்போர்டோடு வரும் போர்ட் ஒன்று, தனிக் கார்ட்டில் ஒன்று, இப்படி ஜோடி சேருங்கள். ஒரே கார்ட்டின் இரண்டு போர்ட்டைச் சேர்த்தால் வயர் அறுந்தால் தப்பலாம், கார்ட் போனால் தப்ப முடியாது.

ஹட்டன்_நெட்
இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான பதில் இதுதான். ஒன்று சேர்க்கிறேன்: கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு வயர் வேண்டவே வேண்டாம். 100 மீட்டர் எல்லை ஒரு பக்கம் இருக்கட்டும், இடிக்கு நீங்களே வழி போட்டுக் கொடுக்கிற மாதிரி. ஃபைபர் போடுங்கள், உள்ளே உலோகக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. இரண்டு நெட்வொர்க் கார்ட் வாங்கும் காசை அங்கே போட்டால் அதைவிடப் பாதுகாப்பு.

டிக்கோயா_ஐடி
மதர்போர்டில் இரண்டு, கார்ட்டில் இரண்டு. நல்ல காலம். ஃபெக்டரிக்கு ஃபைபர்தான், இரண்டு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரையும் செம்பு வயரையும் இணைக்கும் பெட்டி). அப்போ மதர்போர்டில் ஒன்று, கார்ட்டில் ஒன்று எடுத்து எல்ஏசிபியில் விடுகிறேன். சரிதானே?

சிஸ்டம்_அக்கா
இரண்டும் ஒரே ஸ்விட்சுக்குத்தானே போகிறது? அந்த ஸ்விட்சே போனால்?

ஸ்டோரில் பழைய ஸ்விட்ச் ஒன்றாவது கிடக்கும். அதையும் ரெக்கில் ஏற்றி, ஒரு வயரைப் புது ஸ்விட்சிலும் மற்றதைப் பழையதிலும் செருகுங்கள். ஆனால் அப்போது எல்ஏசிபி ஓடாது. எல்ஏசிபியில் மறுமுனை ஒரே ஸ்விட்சாகத் தெரிய வேண்டும். இரண்டு ஸ்விட்சும் ஒன்றாகத் தெரியும்படி ஸ்டாக் செய்தாலோ எம்லாக் இருந்தாலோதான் இரண்டிலும் காலை வைக்கலாம், அது விலை கூடிய சாமான். உங்களுக்கு விண்டோஸில் ஸ்விட்ச் இண்டிபெண்டண்ட் மோட் போதும். ஸ்விட்சில் எந்த செட்டிங்கும் வேண்டாம், செட்டிங் இல்லாத பழைய ஸ்விட்சிலும் ஓடும். வேண்டுமானால் ஒரு போர்ட்டை ஸ்டாண்ட்பையாக வைக்கலாம். லினக்ஸில் இதற்கு மோட் 1, எக்டிவ் பேக்கப்.

அந்த மோடில் வெளியே போவது இரண்டு வயரிலும் பிரியும், உள்ளே வருவது ஒன்றில்தான் வரும். உங்கள் அளவுக்கு அது குறையே இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. புது ஸ்விட்ச் செத்தால் சேர்வர் பழைய ஸ்விட்ச் வழியாக உயிரோடு இருக்கும், ஆனால் கணினிகள் எல்லாம் செத்த ஸ்விட்சில் மாட்டியிருந்தால் யாருக்கு என்ன லாபம்? செக்ரோல் போடும் கணினிகளில் பாதியை அங்கே, பாதியை இங்கே மாட்டுங்கள். ரவுட்டர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு வயர் வேண்டும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் இவ்வளவும் வீண், கரண்ட் போகிற நாளில் அந்த ஒரு யூபிஎஸ் மூச்சை விட்டால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும்.

வயர்மேன்
இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு வயர் போதும். பாதுகாப்பு என்று இரண்டு வயர் போட்டால் லூப் ஆகி (பேக்கட்டுகள் முடிவில்லாமல் சுற்றி) முழு ஒபிஸும் நிற்கும். பழைய ஸ்விட்சில் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இருக்காது.

ஹட்டன்_நெட்
இந்த முறை அண்ணன் சொல்வது அச்சொட்டு. அதேபோல விண்டோஸில் இரண்டு போர்ட்டையும் தெரிவு செய்து பிரிட்ஜ் என்று கொடுத்துவிடாதீர்கள். பிரிட்ஜ் வேறு, டீமிங் வேறு. பிரிட்ஜ் செய்தால் சேர்வரே லூப்பின் நடுவில் நிற்கும்.

மீடியா கன்வேர்ட்டரைப் பற்றியும் ஒன்று. டீமிங் பெரும்பாலும் லிங்க் விளக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். சேர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் கன்வேர்ட்டர் இருந்தால், ஃபைபர் அறுந்தாலும் சேர்வர் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சேர்வர் அதை நல்ல வழி என்று நம்பி அதிலேயே அனுப்பும். ஸ்விட்ச் தொங்கிப்போய் விளக்கு மட்டும் எரியும்போதும் இதே கதைதான். எல்ஏசிபியில் இந்த ஆபத்துக் குறைவு, ஏனென்றால் இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று சின்னச் சின்னத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபாஸ்ட் என்று வைத்தால் செக்கனுக்கு ஒன்று, மூன்று செக்கன் வராவிட்டால் அந்த வழியைக் கழற்றிவிடும். ஸ்லோ என்றால் 30 செக்கனுக்கு ஒன்று, கழற்ற 90 செக்கன் ஆகும். லினக்ஸ் எக்டிவ் பேக்கப்பில் ஏஆர்பி மொனிட்டர் போட்டு ரவுட்டரைக் கேட்டுக்கொண்டே இருக்கச் செய்யலாம். விண்டோஸ் ஸ்விட்ச் இண்டிபெண்டண்டில் விளக்குதான் கதி, அதனால் சேர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு நேர் வயராக இருக்கட்டும்.

பண்டாரவளை_பொடியன்
ஒரு கிளைக் கேள்வி. நாங்கள் அடுத்ததாக சேர்வர் 2022க்குப் போகப் பார்க்கிறோம், மேலே ஹைப்பர்-வி (ஒரே சேர்வரில் பல வேர்ச்சுவல் சேர்வர் ஓட்டும் வசதி). இதே டீமிங் ஓடுமா?

சிஸ்டம்_அக்கா
ஹைப்பர்-வி ஸ்விட்சை இந்தப் பழைய டீமிங் மேல் வைக்க 2022 வழக்கமான வழியில் விடாது. செட் என்று 2016இல் வந்த முறை இருக்கிறது, வேர்ச்சுவல் ஸ்விட்சுக்குள்ளேயே டீம். எட்டு போர்ட் வரை, ஸ்விட்ச் இண்டிபெண்டண்ட் மட்டும், எல்ஏசிபி கிடையாது. போர்ட்டுகள் எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசொஃப்ட், ஆகவே மதர்போர்டும் தனிக் கார்ட்டும் கலக்கிற யோசனை அங்கே இடிக்கும். அதற்கு ஒரே மாதிரி இரண்டு தனிக் கார்ட் வாங்குவதுதான் வழி.

ரெட்ஹேட் லினக்ஸ் பக்கமும் இப்படித்தான். 7இல் டீமிங் என்று புதிதாகக் கொண்டு வந்தார்கள், 9இல் அதைக் கைவிடப் போகிறோம், பழைய பொண்டிங்கையே வையுங்கள் என்றுவிட்டார்கள். பழசை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு வேலை மிச்சம்.

டிக்கோயா_ஐடி
அக்கா சொன்னபடி மாட்டிவிட்டேன். ஸ்விட்ச் இண்டிபெண்டண்ட், பங்கு போடும் முறை டைனமிக். ஒரு வயர் புது ஸ்விட்ச், ஒரு வயர் பழையது, வேறு வேறு யூபிஎஸ். ஒபிஸ் முடிந்த பிறகு பிங் ஓட விட்டு, பெரிய ஃபைல் ஒன்று கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினேன். பிங் ஒன்று தவறியது, கொப்பி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. திரும்பச் செருகியபோதுதான் வேடிக்கை. விளக்கு எரிந்து அரை நிமிடம் வரை பிங் இல்லை!

ஹட்டன்_நெட்
புது ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ. போர்ட் எழும்பியதும் 15 செக்கன் கேட்டுக்கொண்டிருக்கும், 15 செக்கன் படித்துக்கொண்டிருக்கும், அதுவரை ஒரு பேக்கட்டையும் விடாது. விளக்கு எரிவதால் சேர்வர் அதற்குள் அந்தப் பக்கம் அனுப்பத் தொடங்கிவிட்டது. சேர்வர் மாட்டிய போர்ட்டை மட்டும் எட்ஜ் போர்ட் (இப்படிக் காத்திராமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்குங்கள், சில கம்பனி ஸ்விட்சில் போர்ட்ஃபாஸ்ட் என்று இருக்கும். பழைய ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் அதைப் போடாதீர்கள்.

பிடுங்கிப் பார்ப்பவர் நிறையப் பேர், திரும்பச் செருகிப் பார்ப்பவர் குறைவு. வயரோடு நிறுத்தாமல் ஸ்விட்சின் கரண்டையும் பிடுங்கிப் பாருங்கள்.

டிக்கோயா_ஐடி
எட்ஜ் போட்டதும் சரியாகிவிட்டது. கரண்ட் பிடுங்கியும் பார்த்தேன், பழைய ஸ்விட்சில் இருந்த கணினிகள் அசையாமல் வேலை செய்தன.

ஆனால் செக்ரோல் அதே இழுவைதான்.

சிஸ்டம்_அக்கா
எதிர்பார்த்தேன். அந்த நேரத்தில் பேர்ஃபோமன்ஸ் மொனிட்டரைத் திறந்து, நெட்வொர்க் எவ்வளவு ஓடுகிறது, டிஸ்க் வரிசை (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகள்) எவ்வளவு நிற்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபத்தைந்து பேர் செக்ரோலில் பெயரும் நாட்சம்பளமும் தட்டுவதற்கு ஒரு கிகாபிட்டே மிச்சம்.

டிக்கோயா_ஐடி
பார்த்தேன் அக்கா. நெருக்கடியான நேரத்திலும் நெட்வொர்க் நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் வரிசைதான் மலை மாதிரி நிற்கிறது. பழைய சுழலும் டிஸ்க் இரண்டு, மிரர் போட்டது (ஒன்றில் எழுதுவதே மற்றதிலும்). டேட்டாபேஸும் பொது ஃபோல்டரும் அதிலேயே. துரையிடம் ஓட்டையைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, இனி டிஸ்க்குக் காசு கேட்க வேண்டும்.

வயர்மேன்
அப்போ இவ்வளவு டீமிங்கும் எதுக்கு?

ஹட்டன்_நெட்
அடுத்த இடிக்கு அண்ணே.

சிஸ்டம்_அக்கா
தம்பி, எஸ்எஸ்டி வாங்குங்கள், செக்ரோல் பறக்கும். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டீமிங் செய்த சேர்வரில் ஒரு வயர் போனால் யாருக்கும் தெரியாது, எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆறு மாதம் கழித்து மற்ற வயரும் போகும்போதுதான் முதல் வயர் எப்போதோ போயிருப்பது தெரியும். டீமின் நிலையில் டிகிரேடட் என்று காட்டும், ஆனால் அந்தத் திரையைத் தினமும் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? போர்ட் இறங்கினால் சிஸ்டம் லொக்கில் பதிவாகும். டாஸ்க் ஷெடியூலரில் அந்தப் பதிவு வந்தால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி மெயில் அனுப்புகிற மாதிரி வைத்துவிடுங்கள். லினக்ஸ்காரர்கள் ப்ரொக் கோப்புறையில் இருக்கும் பொண்டிங் ஃபைலை சின்ன ஸ்கிரிப்ட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கோயா_ஐடி
வைத்துவிட்டேன். வயரைப் பிடுங்கினேன், இரண்டு நிமிடத்தில் மெயில் வந்தது, எனக்கும் ஃபெக்டரி ஒபிஸருக்கும். அவர் உடனே ஃபோன் எடுத்து "சேர்வர் உடைஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டார். மெயிலின் வாசகத்தை மாற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி விஷயமாகத் தனி இழை போடுகிறேன். மிரர் உடைக்காமல் மாற்றுவது எப்படி என்று அங்கே கேட்கிறேன்.